தெக்தி தட்டிய ராக் அண்ட் ரோல்

என் வீட்டுக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் மொரீஷியஸில், போர்ட் லூயிஸ் நகரத்தில், எங்கள் டிராங்கெபார் பேட்டைப் பக்கத்தில் ஆங்கிலப் பாட்டை அவரைப் போலத் தொண்டை கிழியப் பாட ஆள் கிடையாது. பகலில் துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்குகிற வேலை. அங்கே வந்து நிற்கிற கப்பல்களில் மாலுமிகள் ரிக்கார்டு போடுவார்கள். மூட்டையை இறக்கிவிட்டு அடுத்த மூட்டைக்குத் திரும்புகிற நேரத்தில் காதில் விழுந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு வருவார். பிடிபடாத இடத்தை எங்கள் தீவுப் பேச்சான கிரியோலில் இட்டு நிரப்புவார். அதுவும் தீர்ந்துபோனால் கோயில் பஜனையிலிருந்து எடுப்பார். ஒரு காதல் பாட்டின் நடுவில் முருகன் பெயர் இரண்டு தடவை வரும். அந்த இடத்தில் பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் யாராவது என்னிடம் வந்து "அசல் இசை" என்று ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அமெரிக்காவில் யாரோ பாடி, இசைத்தட்டில் ஏறி, கப்பலில் வந்து, மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே பாதி காதில் விழுந்தது. அதில் அசல் எது, நகல் எது என்று பிரிக்க நான் தயாரில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர் பாடினால் என் தையல் மிஷினில் கால் நின்றுவிடும். வீதியில் போகிறவர்கள் ஜன்னலோரம் நின்றுவிடுவார்கள். தைக்கக் கொடுத்த துணி நேரத்துக்குக் கிடைக்காமல் போன பெண்கள் எல்லோரும் அவரைத்தான் திட்டவேண்டும்.

குழு என்றால் மூன்று பேர். இவர் கித்தாரும் பாட்டும். இவரோடு மூட்டை தூக்கியவர் இன்னொரு கித்தார். மூன்றாமவர் டிரம். கித்தார் சத்தம் பெரிதாகக் கேட்பதற்கு ஒரு பழைய ரேடியோவைப் பிரித்து ஏதோ செய்து வைத்திருந்தார்கள். ஈரக்கையோடு தொட்டால் ஆளைத் தூக்கிப் போடும். இவர்கள் பாடியதெல்லாம் கல்யாண வீடுகளில், சால்வேரில். மூங்கில் நட்டு, தார்ப்பாய் போட்டு, பக்கமெல்லாம் தென்னங்கீற்றுக் கட்டி வாசலில் எழுப்புகிற பந்தலுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஞாயிற்றுக்கிழமை தாலி கட்டு. சனிக்கிழமை சாயங்காலம் சால்வேரில் சாப்பாடு, பிறகு ஆட்டம்.

ஒரு சனிக்கிழமை தீவின் தெற்கே சுரினாம் என்கிற கிராமத்தில் ஒரு கல்யாணம். லாரியில் போகும்போதே மழை. டிரம் நனைந்து ஊறிப்போய், தட்டினால் தலையணையைத் தட்டுவதுபோல் சத்தம். பாட்டு இல்லை என்று இவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று சமையலுக்கு வந்திருந்தவர் என் நாத்தனார், இவருடைய அக்கா. பெரிய கல்யாணங்களுக்கெல்லாம் அவர்தான் தெக்தி ஏற்றுவார். தெக்தி என்றால் ஊருக்கே சோறு வடிக்கிற அண்டா. கடைசிப் பந்தியும் எழுந்துவிட்டது. காலியான தெக்தியைக் கவிழ்த்து வைத்து, அதன் அடியில் இரும்புக் கரண்டியால் ஒரு தட்டு, உள்ளங்கையால் ஒரு தட்டு என்று அவர் ஆரம்பித்தார். கூட இருந்த பெண்கள் மூடிகளை எடுத்துக்கொண்டார்கள். வேலை முடிந்த பெண்கள் எங்கள் வீடுகளில் எப்போதும் செய்கிற விளையாட்டுதான் அது. ஆனால் கித்தார் அதன்மேல் ஏறியதும் எனக்கு மயிர்க்கூச்செடுத்தது.

அன்றைக்கு இவர் பாடிய பாட்டு ஒன்று முடியவேயில்லை. நாத்தனார் நிறுத்தினால்தானே இவர் நிறுத்துவது? அவர் தட்டத் தட்ட இவர் வார்த்தை தேடினார். வார்த்தை தீர்ந்தபிறகு வெறும் குரலால் பாடினார். தாத்தா வயதுள்ளவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். கரும்புக் காட்டுக்கு அந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து அழைக்காத ஜனமெல்லாம் வந்து நின்றது. அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும் "தெக்தி அக்காவும் வருவாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. டிரம் அடித்தவர் பாவம், மூடி தட்டுகிறவர்களோடு சேர்ந்துகொண்டார்.

ஒரு ரிக்கார்டு கடைக்காரர் எங்களைத் தேடி வந்தது மோகாவில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் பிறகு. போர்ட் லூயிஸில் அவருக்குக் கடை, வாசலில் கார். அவருடைய முன்னோர்கள் புதுச்சேரியிலிருந்து தச்சு வேலைக்கு வந்தவர்களாம். குடும்பப் பெயர் மட்டும் தமிழ், அதையும் பிரெஞ்சுக்காரர் மாதிரிதான் உச்சரிப்பார். அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எவ்வளவோ இருக்கிறது. ஆனால் அந்த மனிதருக்குக் காது இருந்தது. அதை ஒப்புக்கொள்ளாவிட்டால் என் வாய் அழுகிவிடும். சால்வேர் ஓரத்தில் கோட்டும் சூட்டுமாக நின்று, சேறு தெறிப்பதுகூடத் தெரியாமல் முழுவதையும் கேட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

அவர் சொன்ன யோசனை இது. போர்ட் லூயிஸில் ஒரு சினிமாக் கொட்டகையில் ஒரு மாலை நிகழ்ச்சி. பெரிய மனிதர்கள் வருவார்கள், கடலோர ஹோட்டல்காரர்களும் வருவார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் ஹோட்டலில் வாராவாரம் பாட்டு, மாதச் சம்பளம். சம்பளம் என்ற சொல்லைக் கேட்டதும் நான் பார்த்தது இவருடைய வலது தோளை. மூட்டை ஏறி ஏறி அது இறங்கிப்போயிருந்தது. காலையில் சட்டைக்குள் கையை விட நான்தான் தூக்கிவிட வேண்டும். இன்னும் இரண்டு அறுவடை அந்த வேலையைச் செய்தால் கித்தாரும் பிடிக்க முடியாது, குழந்தையும் தூக்க முடியாது என்று டிஸ்பென்சரியில் சொல்லியிருந்தார்கள். ஆக அந்தக் கொட்டகை மாலை எங்களுக்கு வெறும் பாட்டு நிகழ்ச்சி அல்ல. இவர் துறைமுகத்தை விட்டு வெளியே வருவதற்கு இருந்த ஒரே வாசல் அது.

மேடைக்கு வேண்டிய சட்டைகளைக் கடைக்காரர் என்னையே தைக்கச் சொன்னார். நீல சாட்டின், வெள்ளிச் சரிகைக் கழுத்து. பொய் சொல்ல மாட்டேன், அந்தத் துணியைத் தொட்டதும் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அதுவரை பள்ளிக்கூடப் பாவாடையும் அளவு குறைத்த பழைய கால்சட்டையும்தான் தைத்துக்கொண்டிருந்தேன். இவர் போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நகரவே இல்லை. கல்யாணத்தன்றுகூட இவ்வளவு அழகாக இல்லையே என்று நான் கேலி செய்ததற்கு, அன்று சட்டை தைத்தது வேறு ஆள் என்றார்.

ஒத்திகைக்குப் போனபோதுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. மேடையில் ஒரு சால்வேர் கட்டியிருந்தார்கள். மரச்சட்டம், பச்சைக் காகித ஓலை. கீழே பெண்கள் உட்காரப் பாய், எல்லோருக்கும் ஒரே மஞ்சள் புடவை. நடுவில் கடையிலிருந்து அப்போதுதான் இறங்கிய புதுத் தெக்தி. அதற்குச் சிவப்பு வண்ணம் வேறு அடித்திருந்தார்கள். ஒரு பாட்டு இரண்டரை நிமிஷம், அதற்குமேல் போகக்கூடாது. முடிந்ததும் இடது பக்கம் ஒரு வணக்கம், வலது பக்கம் ஒரு வணக்கம், சிரிப்பு. மேடையேறியிருந்த பெண்கள் எல்லோருக்கும் அந்தச் சிவப்பு மிகவும் பிடித்திருந்தது, நாத்தனாரைத் தவிர.

நாத்தனார் தெக்தியைச் சுற்றி வந்தார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நாங்கள் அன்று பேசியது பெரும்பாலும் கிரியோல்தான், ஆனால் இதை அவர், மிஸ்யே என்கிற 'ஐயா'வைத் தவிர, தமிழிலேயே சொன்னார், கடைக்காரருக்குப் புரியவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல்.

"ஒருத்தருக்கும் சோறு போடாத பாத்திரத்த நான் தட்ட மாட்டேன், மிஸ்யே. வெறும் பாத்திரத்தத் தட்டினா வீட்டுக்கு ஆகாது."

எங்கள் வீடுகளில் இதைத் தெரியாத குழந்தை இருக்காது. வெறும் தட்டைத் தட்டினாலே அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். தெக்தி தட்டுவது கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான், ஊர் வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்கிற சத்தம் அது. கடைக்காரருக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். பிறகு, அது நாடகம்தானே, மேடையில் ராஜா செத்தால் நிஜமாகவா சாகிறான் என்று கேட்டார். நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டார்.

அவருக்குப் பதில் போலீஸ் பேண்டில் அடிக்கிற ஒருவரை வரவழைத்தார்கள். கையில் சுத்தம், பிசிறே இல்லை. ஆனால் அவரோடு இவரால் பாட முடியவில்லை. குரல் வருகிறது, பாட்டு வரவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவைத் திட்டினார். என் தோளைவிட அவளுக்கு ஒரு அண்டா பெரிதாகப் போய்விட்டதா என்றார். அன்று நானும் அவர் பக்கம்தான். கோபத்தோடு நாத்தனார் வீட்டுக்குப் போய், அவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த முறத்துக்கு எதிரே உட்கார்ந்து, தம்பியின் தோளைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினேன். டிஸ்பென்சரியில் சொன்னது அவருக்கு அதுவரை தெரியாது. முறத்தை ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

"பொன், நான் வரேன். ஆனா சமைச்சிட்டுத்தான் வருவேன்" என்றார்.

பொன் என்றால் சரி என்று அர்த்தம். அவர் சரி என்று சொன்ன சந்தோஷத்தில் பின்பாதியை நான் கவனிக்கவேயில்லை.

நிகழ்ச்சியன்று மத்தியானமே அவர் ஆட்களோடு வந்துவிட்டார். கொட்டகைக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் மூன்று கல் வைத்து, விறகு அடுக்கி, மேடையிலிருந்த சிவப்புத் தெக்தியைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்பில் ஏற்றிவிட்டார். அரிசி, பருப்பு, பூசணிக்காய், கத்தரிக்காய் எல்லாம் அவரே கொண்டுவந்தது. சிவப்பு வண்ணம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உரிந்தது. கடைக்காரர் வந்து பார்த்தபோது தெக்தி கன்னங்கரேல் என்று இருந்தது. அவர் முகம் அதைவிடக் கறுத்தது. ஆனால் அதற்குள் பந்தி உட்கார்ந்துவிட்டது. பெரிய மனிதர்களின் கார் ஓட்டிகள், கொட்டகை கூட்டுகிறவர்கள், டிக்கெட் கிழிக்கிறவர், வாசலில் நின்ற இரண்டு போலீஸ்காரர்கள் எல்லோரும் வாழை இலை முன்னால். இலை முன்னால் உட்கார்ந்தவனை எழுப்பக்கூடாது என்பது அவருடைய முன்னோர்களிடமிருந்து மிச்சம் இருந்ததோ என்னவோ, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என் சாட்டின் சட்டையெல்லாம் தாளித்த வாசனை. நான் ஓடி ஓடி விசிறினேன்.

திரை தூக்கியபோது பச்சைக் காகித ஓலைக்குக் கீழே, ஒரே மஞ்சள் புடவைகளுக்கு நடுவே, கரி பிடித்த அந்தத் தெக்தி கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நாத்தனார் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கரண்டியை எடுத்தார். இரண்டரை நிமிஷம் என்பது எந்த ஊர் வழக்கம்? முதல் பாட்டே கால் மணி நேரத்தைத் தாண்டியது. சாப்பிட்ட கார் ஓட்டிகள் பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, கல்யாண வீட்டில் நிற்பதுபோல் சுவரோரம் நின்று தாளம் போட்டார்கள். இவர் அவர்களைப் பார்த்துப் பாடினார். பிறகு முன்வரிசையைப் பார்த்துப் பாடினார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. சரிகைக் கழுத்து பிய்ந்தது. நான் தைத்தது பிய்ந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வேறு எப்போதும் வந்ததில்லை. முன்வரிசையும் எழுந்தது. தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் காலணியைக் கழற்றிவிட்டு ஆடினாள்.

மறுநாளே ஹோட்டலிலிருந்து ஆள் வந்தது. எல்லாம் அப்படியே வேண்டுமாம், கரி, புகை, பின்கதவில் வந்து நின்ற கார் ஓட்டிகள், பிய்ந்த கழுத்து உட்பட. கடைக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நாத்தனார் மட்டும் போகவில்லை. ஹோட்டலில் சமைக்க விடுவார்களா என்று கேட்டார், அங்கே சமையல்காரர் இருக்கிறார் என்றார்கள், அத்தோடு முடிந்தது. தம்பி போவதை அவர் தடுக்கவில்லை. முதல் சனிக்கிழமை அவரே வந்து நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினார்.

இவர் துறைமுகத்தை விட்டார். சில மாதங்களில் சட்டைக்குள் தானாகவே கையை விட்டார். அந்தக் காலையை நான் மறக்கமாட்டேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

ஒரு முறை ஹோட்டலுக்குப் போய்ப் பார்த்தேன். புல்தரையில் சால்வேர், நிஜத் தென்னங்கீற்று. தெக்திக்குக் கறுப்பு வண்ணம் அடித்துக் கரி மாதிரியே செய்திருந்தார்கள், கிட்டே போனால்தான் தெரியும். கழுத்து பிய்வதற்காகவே லேசாகத் தையல் ஓட்டிய சட்டை, அதை வாராவாரம் ஓட்டியவள் நான்தான். கூலிக்கு வந்த நான்கு பேர் கார் ஓட்டி வேஷத்தில் பின்னால் நின்று தாளம் போட்டார்கள். இரண்டரை நிமிஷம், இடது வணக்கம், வலது வணக்கம். ஏளனமாகச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். கடல் காற்றில், விளக்கு வெளிச்சத்தில், அவர் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தார். வேலையைச் சுத்தமாகச் செய்தார். நானும் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினேன்.

நாத்தனாருக்கு ஒரே மகள். நாடு சுதந்திரம் வாங்கப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வருஷத்தில் அவளுக்குச் சம்பந்தம் முடிவானது. கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் தாய்மாமன் பாடாமல் எப்படி? ஆனால் கல்யாணம் ஞாயிறு என்றால் பாட்டு சனி. ஹோட்டலில் கேட்டுப் பார்த்தார். சீசன் நேரம், ஒரு சனிக்கிழமைகூட விடமுடியாது, போனால் அப்படியே போகவேண்டியதுதான் என்றார்கள். வீட்டுக்கு வந்து, வேலையை விடப்போகிறேன் என்றார். நான் அவருடைய தோளைப் பார்த்தேன். 

நாத்தனார் காதுக்கு இது போயிற்று. அவர் நேராகக் கோயிலுக்குப் போய்க் குருக்களிடம் வாரநாளில் முகூர்த்தம் கேட்டார். குருக்கள் சிரித்தாராம். சாஸ்திரத்தில் ஞாயிற்றுக்கிழமைதான் என்று எங்கேயும் இல்லை, கரும்புத் தோட்டத்தில் லீவு கொடுத்த நாள் அது, நம் ஆட்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள் என்றாராம். வியாழக்கிழமை காலை நல்ல நேரம் குறித்துக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். வியாழக்கிழமைக் கல்யாணத்துக்கு யார் வருவார்கள் என்று உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். வராதவர்கள் வரவேண்டாம், என் தம்பி வருவான் என்று நாத்தனார் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் பார்த்தால் சுரினாமிலிருந்தே ஒரு லாரி நிறைய வந்திருந்தார்கள். துறைமுகத்திலிருந்து மூட்டை தூக்குகிறவர்கள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு, சர்க்கரைத் தூள் ஒட்டிய சட்டையோடு அப்படியே வந்தார்கள். ஏழு கறியோடு பந்தி நடந்தது. கடைசி இலை எடுத்ததும் நாத்தனார் தெக்தியைக் கவிழ்த்தார்.

இவர் கித்தாரோடு எழுந்தார். பாடினார். நன்றாகத்தான் பாடினார். சரியாக எந்த இடத்தில் ஹோட்டலில் நிறுத்துவாரோ அந்த இடத்தில் நிறுத்தினார். இடது பக்கம் வணங்கினார். வலது பக்கம் வணங்கினார். சிரித்தார்.  அவர் வேண்டுமென்று செய்யவில்லை. உடம்பு அப்படிப் பழகிவிட்டது. யாரும் கை தட்டவில்லை, ஏனென்றால் பாட்டு முடிந்துவிட்டது என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. நாத்தனார் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்போடு இவர் நின்றார், என்ன செய்வது என்று தெரியாமல். நாத்தனார் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"பாடு தம்பி. இங்க யாரும் ரூம் எடுத்துத் தங்கல."

முதலில் அவருடைய சிரிப்பு போயிற்று. பிறகு குரல் வந்தது. ஆரம்பத்தில் தடுமாறி, எங்கேயோ தொலைத்ததைத் தேடுகிற மாதிரி. வார்த்தைகள் பாதி மறந்துபோயிருந்தன. மறந்த இடத்தில் மருமகள் பெயரைப் போட்டார், துறைமுகத்து நண்பர்கள் பெயரைப் போட்டார், முருகனைக் கூப்பிட்டார். உச்சியில் குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டு இன்னும் மேலே போனார். மணப்பெண் நலங்கு மஞ்சளோடு வெளியே ஓடிவந்து ஆடினாள், அதட்ட யாருக்கும் மனம் வரவில்லை. நான் அழுதேன். வெங்காயம் உரித்த கை என்று பக்கத்தில் இருந்தவளிடம் சமாளித்தேன். என் வாழ்நாளில் அவர்மேல் எனக்கு அவ்வளவு ஆசை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

சனிக்கிழமை அவருக்குத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. இருந்தாலும் ஹோட்டலுக்குப் போனார். குரல் இல்லை என்று பார்த்ததும், கித்தார் பிடிக்கத் தெரிந்த ஒரு சர்வருக்கு அவருடைய சட்டையை மாட்டி மேடையில் நிறுத்தினார்களாம். விருந்தாளிகள் எப்போதும்போல் ஆடினார்கள், எப்போதும்போல் கை தட்டினார்கள். இவர் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து, நான் வைத்த ரசத்தைக் குடித்துக்கொண்டே, கிசுகிசுப்பாக அதைச் சொன்னார். அவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லையாம். எனக்கு எரிச்சலாக வந்தது, அந்த ஹோட்டலை வாயில் வந்தபடி ஏசினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. தன் குரலை எங்கே செலவழித்தோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.